“91” என்று எழுதியிருந்தது: டர்போ காருக்கு ரீமேப் ஃபைல் தேர்ந்தெடுக்கும் புதியவர்களுக்கு

ஆடி மாதத்தில் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குக் கார் ஓட்டி வந்தவர்களிடம் முப்பந்தல் காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. காவல்கிணறு தாண்டியதும் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று நேரே முகத்தில் அறையும். காற்றாலைகள் நிற்கும் அந்தச் சில கிலோமீட்டரில் சமதளச் சாலையும் ஏற்றம் போலத்தான் இருக்கும். அங்கேதான் என் கார் முதன்முதலாகத் தட்டியது. கண்ணாடிக் குப்பியில் நான்கு கடலைமணியைப் போட்டுக் குலுக்கினால் எப்படியிருக்குமோ அப்படி ஒரு சத்தம், ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் கேட்டது.

அதற்கு இரண்டு வாரம் முன்புதான் எஞ்சினை இயக்கும் கணினியான இசியுவில் புதிய மேப் ஏற்றியிருந்தேன். இணையத்தில் வாங்கிய அமெரிக்க ஃபைல் அது. பெயரிலேயே “91 ஆக்டேன்” என்று இருந்தது. நம் ஊர் சாதாரண பெட்ரோலும் 91தானே, இதைவிடப் பொருத்தம் வேறு கிடைக்குமா என்று வாங்கிவிட்டேன்.

பெண், மாப்பிள்ளை இருவருக்கும் ஒரே நட்சத்திரம் என்று மகிழ்ந்து, கோத்திரத்தைக் கேட்காமல் விட்ட கதை அது. ஆக்டேன் என்பது பெட்ரோல் தானாக வெடித்துவிடாமல் எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டும் எண். இந்தியாவில் ஆக்டேன் என்றால் ஆர்ஓஎன் என்ற ஒரே அளவு. அமெரிக்கப் பெட்ரோல் பங்கில் எழுதியிருப்பது ஆர்ஓஎன், எம்ஓஎன் என்ற இரண்டு அளவுகளின் சராசரி. எம்ஓஎன் எப்போதும் குறைவாகவே வரும் என்பதால் சராசரியும் இறங்கிவிடும். அங்கே 91 என்று விற்பது நம் கணக்கில் 95, 96. நம் 91 அங்கே போனால் ஏறத்தாழ 87தான். அவர்களுடைய உயர்தர பெட்ரோலுக்கு எழுதிய மேப்பை ஏற்றிக்கொண்டு, சாதாரண பெட்ரோலில் எதிர்காற்றைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன்.

பிஸ்டன் தப்பியது. மேப்புகளைப் பார்க்கும் விதம் மாறிவிட்டது. கார் சிறப்பாக இருக்கும் நாளில் எவ்வளவு பாயும் என்று இப்போது கேட்பதில்லை. மட்டமான பெட்ரோல், பிற்பகல் இரண்டு மணி வெயில், ஐந்து பேர், ஏசி, எதிர்காற்று எல்லாம் ஒன்றுசேரும் நாளில் இந்த ஃபைல் என்ன செய்யும் என்று கேட்கிறேன். கீழே உள்ளவை அந்தக் கேள்வியின் பல பகுதிகள்தான்.

மேப் என்றால் என்ன

பள்ளிக்கூட நேர அட்டவணையைப் போன்ற கட்டங்களை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே எஞ்சின் வேகம், பக்கவாட்டில் சுமை, ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். இந்த நிலையில் ஸ்பார்க் எத்தனை டிகிரி முன்னால் அடிக்க வேண்டும் (டைமிங்), டர்போ எவ்வளவு அழுத்தம் (பூஸ்ட்) தர வேண்டும், எவ்வளவு எரிபொருள் தெளிக்க வேண்டும், டார்க் என்னும் சுழற்று விசை எதைத் தாண்டக் கூடாது என்று தனித்தனி அட்டவணைகள் இசியுவுக்குள் இருக்கின்றன. ரீமேப் என்பது இந்த எண்களைத் திருத்துவது. பெரும்பாலும் பூஸ்டைக் கூட்டுவார்கள், டைமிங்கை முன்னால் தள்ளுவார்கள். இரண்டும் சிலிண்டருக்குள் அழுத்தத்தையும் வெப்பத்தையும் ஏற்றும். பெட்ரோலால் அதைத் தாங்க முடியாதபோது, ஸ்பார்க் பற்றவைத்த தீ வந்து சேருமுன்பே மூலையில் கிடக்கும் கலவை தானாக வெடிக்கும். நாக்கிங் என்பது அதுதான்.

ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2 என்ற பெயர்களை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். பாகங்கள் எதையும் மாற்றாமல் ஏற்றுவது ஸ்டேஜ் 1, டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாய்) போன்றவற்றை மாற்றினால் ஸ்டேஜ் 2 என்பது பொதுவழக்கு. அதற்குத் தரச்சான்று எதுவும் கிடையாது. ஒருவர் கடையின் ஸ்டேஜ் 1 இன்னொருவர் கடையின் ஸ்டேஜ் 2ஐவிட முரட்டுத்தனமாக இருக்கலாம். புதியவர்கள் பாகங்களில் கைவைக்காத ஃபைலோடு நிற்பது போதும்.

பணம் கொடுக்கும் முன் காரைப் பாருங்கள்

மேப் நோயைக் குணப்படுத்தாது, இருக்கும் நோயைப் பெரிதாக்கும். பிளக், காயில், ஏர் ஃபில்டர், கூலன்ட், டர்போவிலிருந்து, அதன் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸ் ஆகிய அனைத்தையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். கிளட்ச்சை நீங்களே சோதிக்கலாம். உயர்ந்த கியரில், குறைந்த வேகத்தில் மிதியுங்கள். ஆர்பிஎம் முள் ஏறி, வேகம் அதோடு ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. அந்தக் காருக்கு முதலில் வேண்டியது கிளட்ச்.

குளச்சல், முட்டம், மணக்குடி என்று கடலோரத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒரு வேலை கூடுதல். உப்புக்காற்று சென்சார் கனெக்டர்களைப் பச்சை பூக்க வைத்துவிடும். பம்பருக்குப் பின்னால் இருக்கும் இன்டர்கூலரின் மெல்லிய தகடுகளில் உப்பும் மணலும் அடைத்துக்கொள்ளும். பூஸ்ட் சென்சார் தவறாகப் படித்தால் எவ்வளவு நல்ல ஃபைலும் தவறாகத்தான் நடக்கும்.

இன்னொன்று, பலரும் தவறவிடுவது. கம்பெனி மேப்பிலேயே, எதையும் மாற்றாமல், ஒரு லாக் எடுத்து வையுங்கள். லாக் என்பது கார் ஓடும்போது இசியு காணும் எண்களின் பதிவு. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி போர்ட்டில் ஒரு சிறிய அடாப்டரைச் செருகி மொபைலில் எடுக்கலாம். காரின் வகைக்குத் தகுந்த செயலி இருந்தால் விவரம் கூடுதலாகக் கிடைக்கும். நாளைக்குப் புது ஃபைலின் எண்களைப் பார்த்து “இது நல்லதா கெட்டதா” என்று விழிக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க இது ஒன்றுதான் கையில் இருக்கும்.

பெட்ரோல்தான் முதல் கேள்வி

பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டுத் தரம் வந்தபோது சாதாரண பெட்ரோலிடம் எதிர்பார்த்த குறைந்தபட்ச ஆக்டேன் 91. இப்போதைய 20 சதவீத எத்தனால் பெட்ரோலில் அது 95 என்று அரசு சொன்னாலும், மோசமான நாளுக்குக் கணக்குப் போடும் நான் 91ஐயே எடுத்துக்கொள்கிறேன். பெயர் வைத்து விற்கும் உயர்தர வகைகளில் 95 கிடைக்கிறது. 100 ஆக்டேன் பெட்ரோலை 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் சில நகரங்களில் விற்கத் தொடங்கியது. இதில் எதை நம்பி ஃபைல் வாங்குவது?

நாகர்கோவிலில் உங்களுக்குப் பழக்கமான பங்கில் 95 கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாரம் முழுவதும் அதையே ஊற்றுகிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு திற்பரப்பு அருவிக்குப் போய்விட்டு, அப்படியே பேச்சிப்பாறை அணையையும் பார்க்கலாம் என்று கிளம்புகிறீர்கள். குலசேகரம் பக்கத்தில் எரிபொருள் விளக்கு எரிகிறது. முதலில் கண்ணில் படும் பங்கில் என்ன இருக்கிறதோ அதைத்தான் ஊற்றப் போகிறீர்கள். ஆகவே அந்தப் பங்கின் பெட்ரோலுக்குத் தகுந்த ஃபைலை வாங்குங்கள். 91க்கு எழுதிய ஃபைலில் 95 ஊற்றினால் கெடுதல் எதுவுமில்லை. 95க்கு எழுதியதில் 91 ஊற்றினால் நாக் சென்சார் ஓயாமல் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேயிருக்கும். சென்சார் காப்பாற்றும் என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு தட்டையும் கேட்ட பிறகுதான் அது செயல்படும். முதல் அடியை வாங்குவது பிஸ்டன்தான்.

இதற்கு இடைவழியும் உண்டு. மேப் எழுதித் தரும் டியூனர்கள் சிலர் 91க்கு ஒன்று, 95க்கு ஒன்று என்று இரண்டு ஃபைல்களைத் தந்து, நாமே மாற்றிக்கொள்ள வசதி செய்கிறார்கள். ஒழுங்கானவர்களுக்கு நல்ல ஏற்பாடு. நான் அவ்வளவு ஒழுங்கானவன் இல்லை.

எத்தனால் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இப்போது பங்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த இ20. எத்தனாலுக்கு நாக்கிங்கைத் தாங்கும் குணம் உண்டு, அது நமக்கு நல்லது. ஆனால் எரிவதற்கு அதற்குக் காற்று குறைவாகவே தேவை. சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், இ20க்கு 13.5 கிலோ அளவு போதும். அப்படியானால் அதே காற்றுக்கு எரிபொருளை அதிகமாகத் தெளித்தாக வேண்டும். இன்ஜெக்டரும் உயர் அழுத்த பம்பும் முன்பைவிடக் கூடுதலாக உழைக்கின்றன, கையிருப்பில் இருந்த திறன் அந்த அளவுக்குக் குறைகிறது. அதன்மேல் பூஸ்டையும் கூட்டினால், முழு மிதியில் பம்ப் மூச்சு வாங்கும். எத்தனால் குறைவாகக் கலந்த காலத்தில் எழுதிய பழைய ஃபைல் ஒன்றை யாராவது பாதி விலைக்குத் தருவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இ20இல் ஓட்டிப் பார்த்த லாக் இருக்கிறதா என்று கேளுங்கள்.

எத்தனால் தண்ணீரையும் ஈர்க்கும். நம் மாவட்டத்துக்கு ஆண்டில் இரண்டு மழைக்காலம். வண்டி வரிசை நிற்கும், சரக்கு வேகமாகத் தீரும் பங்கில் நிரப்புவது நல்லது என்று பெரியவர்கள் சொன்னதற்கு இப்போது காரணம் இன்னும் கூடியிருக்கிறது.

உச்ச எண்ணைவிட அது எங்கே ஏறுகிறது என்று பாருங்கள்

விளம்பரப் படத்தில் இரண்டு வளைகோடுகள் இருக்கும். எல்லோரும் மேல்நுனியில் எழுதிய எண்ணைப் பார்ப்பார்கள். நீங்கள் இடதுபக்கத்தைப் பாருங்கள். 1,500 ஆர்பிஎம்மிலேயே டார்க் கோடு சுவர்போல நிமிர்ந்து எழுந்தால், அந்த ஃபைல் நம் சாலைகளுக்கு ஆகாது.

காரணம் இதுதான். களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரை நாம் ஓட்டும் விதத்தை எண்ணிப் பாருங்கள். குழித்துறை, மார்த்தாண்டம், தக்கலை என்று ஊர் முடியுமுன்பே அடுத்த ஊர் தொடங்கிவிடும். முன்னால் ஒரு பஸ், பின்னால் ஒரு தடி லாரி. நான்காம் கியரில் 1,400 ஆர்பிஎம்மில் ஊர்ந்துகொண்டிருப்போம், சிறு இடைவெளி கிடைத்ததும் கியரை இறக்காமல் அப்படியே மிதித்து முந்துவோம். எரிபொருளை நேரே சிலிண்டருக்குள் தெளிக்கும் சிறிய டர்போ எஞ்சின்களுக்கு மிகவும் ஆகாத பழக்கம் அது. குறைந்த வேகம், முழுச் சுமை என்ற அந்த நிலையில், ஸ்பார்க் அடிப்பதற்கு முன்பே கலவை தீப்பிடிக்கும் நிகழ்வு ஒன்று உண்டு. எல்எஸ்பிஐ என்பார்கள். டைமிங்கைப் பின்னால் இழுத்து அதைத் தடுக்க முடியாது, ஸ்பார்க்குக்கே அதில் வேலையில்லை. ஒரே ஒரு தடவை நடந்தாலும் பிஸ்டன் வளையம் உட்காரும் விளிம்பு உடைந்துபோகலாம்.

எனவே டார்க் 2,000 ஆர்பிஎம்முக்குப் பிறகு படிப்படியாக ஏறும் ஃபைலைக் கேளுங்கள். ஓட்டும்போது “அறையும்” உணர்வு குறைவாக இருக்கும், நண்பர்கள் பாராட்ட மாட்டார்கள், பரவாயில்லை. ஆயிலும் இதில் கைகொடுக்கும். ஏபிஐ எஸ்பி என்று குறித்த ஆயில் எல்எஸ்பிஐயைக் குறைக்கும் சோதனையில் தேறியது, 2020இல் வந்த தரம். ஆயிலில் சேர்க்கும் கால்சியம் வகைத் துப்புரவுப் பொருள் இந்த நிகழ்வைத் தூண்டுகிறது என்று கண்டறிந்து, மக்னீசியம் பக்கம் நகர்ந்தார்கள். தயாரிப்பாளர் சொன்ன கெட்டித்தன்மையை மாற்றாமல், டப்பாவில் அந்த எழுத்துகள் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். முந்தும்போது ஒரு கியர் இறக்குங்கள், அதற்குச் செலவே கிடையாது.

டார்க்கைத் தாங்க வேண்டியவர் இன்னொருவரும் இருக்கிறார், கியர்பாக்ஸ். ஓர் உதாரணம் போதும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களில் வரும் 1.5 டிஎஸ்ஐ எஞ்சின் கம்பெனியிலிருந்து வரும்போதே 250 நியூட்டன் மீட்டர் தருகிறது. அதோடு இணையும் டிக்யூ200 என்ற ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் அதிகபட்சத் தாங்குதிறனாகச் சொல்லப்படுவதும் 250தான். கம்பெனியே விளிம்பில் நிறுத்தியிருக்கும் இடத்தில் 320 தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், கூடுதல் எழுபதும் யார் தலையில் ஏறும் என்று கேட்க வேண்டும். அதே குடும்பத்தின் 1.0 டிஎஸ்ஐ 178 தருகிறது, டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக்கோடு வருகிறது. அங்கே கணக்கு வேறு. உங்கள் கியர்பாக்ஸின் வரம்பைத் தெரிந்துகொண்டு, அதற்குக் கீழே நிற்கும் எண்ணை நீங்களே சொல்லுங்கள். டியூனர் அதற்கு மேல் போகாமல் வெட்டித்தர முடியும்.

என் சொந்த அளவுகோல்: கம்பெனி டார்க்கைவிட 15 சதவீதம், மிஞ்சினால் 20. அதற்கு மேல் எதையும் எனக்குப் பாதுகாப்பானது என்று சொல்ல வாய் வராது.

வெப்பமும் கடல்மட்டமும்

மார்த்தாண்டத்தில் மேம்பாலம் வந்த பிறகும் கீழ்ச்சாலை நெரிசல் போகவில்லை. சந்தை நாளில் அங்கே இருபது நிமிடம் நின்றுவிட்டுக் கிளம்பினால் இன்டர்கூலர் அடுப்புக்கல் போலக் காய்ந்திருக்கும். உள்ளே போகும் காற்றின் வெப்பம் ஏறியதும் பூஸ்டையும் டைமிங்கையும் தானாகக் குறைத்துக்கொள்ளும் திருத்த அட்டவணைகள் கம்பெனி மேப்பில் உண்டு. குளிர்நாட்டு டியூனர்கள் சிலர் பவர் குறையக் கூடாது என்று அவற்றை மழுப்பிவிடுவார்கள். அவற்றை அப்படியே விட்டிருக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள்.

பெங்களூரில் ட்யூன் செய்து வருபவர்களுக்கு இன்னொரு கண்ணி. அந்த நகரம் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றழுத்தம் நம்மைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் கதவை எவ்வளவு மூடுவது என்பதை அந்த மெல்லிய காற்றில், எஞ்சின் பவரை அளக்கும் டைனோ மேல் வைத்துச் சரிசெய்திருப்பார்கள். திருத்தும் கணக்கை ஒழுங்காக விட்டிருந்தால் பிரச்சினை இல்லை. விடாமல் நிலையான எண்ணாக எழுதியிருந்தால், அதே கார் கன்னியாகுமரிக் கடல்மட்டத்தில் அடர்ந்த காற்றைக் குடித்து, கேட்டதைவிட அதிக பூஸ்டுக்குப் போய்விடும். எங்கே ட்யூன் செய்தாலும், இங்கே வந்து ஒரு லாக் எடுத்து அனுப்பினால் திருத்தித் தருவாரா என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள். திருவனந்தபுரத்தில் செய்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

டியூனரிடம் பேசும்போது

நாக் சென்சாரின் கூர்மையைக் குறைத்திருக்கிறீர்களா? ஓவர்பூஸ்ட் பாதுகாப்பை அணைத்திருக்கிறீர்களா? பழுதுக் குறியீடுகள் எதையாவது மறைத்திருக்கிறீர்களா? இந்த மூன்றுக்கும் “இல்லை” என்ற பதில் தயங்காமல் வர வேண்டும். “அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம், சார்” என்பது பதில் இல்லை.

ஆக்சிலரேட்டரை விடும்போது பட்டாசு வெடிப்பது போன்ற சத்தம் வேண்டுமா என்று அவரே கேட்பார், பெரும்பாலும் இலவசமாக. டைமிங்கைத் தாமதப்படுத்தி, எரிபொருளை எக்ஸாஸ்டில் எரிய விட்டுத்தான் அந்தச் சத்தம் வருகிறது. டர்போவும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் அந்தச் சூட்டைத் தின்னும். வேண்டாம்.

சிறு பெட்டியாக வரும் ட்யூனிங் பாக்ஸ் கழற்றி மாட்ட எளிது என்று ஆசை காட்டும். அது பூஸ்ட் சென்சார் சொல்வதைக் குறைத்துச் சொல்லி இசியுவை ஏமாற்றுகிறது. உண்மை அழுத்தம் என்ன என்று இசியுவுக்கே தெரியாத காரை நான் ஓட்ட மாட்டேன்.

டீசல்காரர்களுக்கு ஆக்டேன் கவலை இல்லை. அங்கே எல்லை கரும்புகையும் எக்ஸாஸ்ட் வெப்பமும். புகை வந்தால் கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டிபிஎஃப் அடைக்கும், அடைத்தால் “அதை எடுத்துவிடலாம்” என்பார்கள். எடுக்க வேண்டியிருக்கும் ஃபைல் தவறான ஃபைல்.

சட்டம், காப்பீடு, வாரண்டி

பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. ஆகவே டிஎன் 74 என்றால் நாகர்கோவிலிலும், டிஎன் 75 என்றால் மார்த்தாண்டத்திலும் போக்குவரத்து அலுவலகத்தில் முதலில் கேட்டுவிடுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். மறைத்தால் விபத்துக்குப் பிறகு அதையே காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்கலாம். வாரண்டி போகும் என்று எண்ணிக்கொண்டே இறங்குங்கள். கம்பெனி ஃபைலைத் திருப்பி ஏற்றினாலும் மாற்றிய தடத்தைக் கண்டுபிடிக்கும் வசதி சர்வீஸ் கருவிகளில் இருக்கிறது. வாரண்டி காலம் முடியும்வரை காத்திருப்பது என் யோசனை.

ஏற்றும் நாள்

இசியுவில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்னழுத்தம் விழுந்தால் இசியு செத்த கட்டையாகிவிடும். பேட்டரியோடு சார்ஜர் இணைத்திருக்க வேண்டும், அந்தச் சார்ஜர் இன்வெர்ட்டரில் ஓட வேண்டும். மழை நாளில் மின்சாரம் போய்ப் போய் வரும் நம் ஊரில் இதை வற்புறுத்திக் கேளுங்கள். சில இசியுக்களைக் கழற்றி, மூடியைத் திறந்துதான் எழுத முடியும். அப்படியானால் திரும்ப எதை வைத்து அடைப்பார்கள் என்று நேரில் பாருங்கள். சரியாக அடைக்காத பெட்டிக்குள் அடுத்த மழையில் ஈரம் போகும்.

பிறகு ஒரு வாரம்

முதல் இரண்டு நாள் மெதுவாக ஓட்டுங்கள். அதன்பின் லாக் எடுங்கள். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் திரையைப் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒருவரே செய்யக் கூடாது. உச்ச வேகம் தேவையில்லை. இரண்டாம் கியரில், வேக வரம்புக்குள், காலியான சாலையில் ஒரு முழு மிதி போதும். நெரிசலில் நின்று சூடான பிறகு ஒரு தடவை, ஐந்து பேரோடு ஓர் ஏற்றத்தில் ஒரு தடவை, எதிர்காற்றில் ஒரு தடவை.

ஒவ்வொரு சிலிண்டரிலும் டைமிங் எத்தனை டிகிரி பின்வாங்குகிறது என்று பாருங்கள். எப்போதாவது ஒன்றிரண்டு டிகிரி என்றால் நான் கவலைப்படுவதில்லை. எல்லாச் சிலிண்டரிலும் திரும்பத் திரும்ப நான்கு டிகிரி என்றால் ஃபைல் திரும்பிப் போக வேண்டும். கேட்ட பூஸ்டும் கிடைத்த பூஸ்டும் ஒன்றையொன்று ஒட்டி ஓட வேண்டும். எரிபொருள் அழுத்தமும் அப்படியே, முழு மிதியில் கேட்டதற்குக் கீழே சரிந்தால் பம்ப் தோற்கிறது. எரிபொருள் கலவை கம்பெனி லாக்கில் இருந்ததைவிட மெலிந்திருக்கக் கூடாது. உள்ளே போகும் காற்று 60 டிகிரியைத் தாண்டிய பிறகும் டைமிங் குறையவில்லை என்றால், வெப்பத் திருத்தத்தில் யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

இப்போது என் காரில் இருப்பது நம் 91க்கு எழுதிய ஃபைல். கம்பெனியைவிட 14 சதவீதம் கூடுதல் டார்க், அதுவும் 2,200க்கு மேல்தான். போன ஆடியில் முப்பந்தலில் எடுத்த லாக்கில் ஒரே ஒரு சிலிண்டர் ஒரு டிகிரி பின்வாங்கியிருந்தது.

கடைசி வேலை ஒன்று பாக்கி. உங்கள் காரின் அசல் ஃபைலைப் பிரதி எடுத்து, மென்பொருள் எண்ணோடு மூன்று இடங்களில் வையுங்கள். சர்வீஸில் அப்டேட் போட்டால் உங்கள் மேப் அழிந்துவிடும், டியூனர் கடையை மூடிவிட்டுத் துபாய் போய்விடலாம், காரை விற்கும் நாள் வரலாம். வாங்குபவரிடம் அந்த ஃபைலையும் லாக்குகளையும் பென்டிரைவில் போட்டு, ஆர்சி புத்தகத்தோடு சேர்த்துக் கொடுங்கள்.